எட்டும் மட்டும் கை, அதற்கு மேலே கயிறு

நீண்ட பதிவு இது. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்துவேன் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. இன்றும் அப்படித்தான். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் தென்னை மரம் ஏறிய ஒருவர் தவறி விழுந்துவிட்டார். அதன் கீழே வந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். ஒரு மாமா "விதி" என்று போட்டிருந்தார். ஒரு மச்சான் "காலையிலேயே போட்டிருப்பான்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மையும் வைத்திருந்தார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை, இப்போது பெரிய வேலையில் இருக்கிறான், "மரம் ஏறுகிறவனை எதுவரைக்கும் தாங்க முடியும்?" என்று பழமொழியை எழுதிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பழமொழியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நானாகவே இருக்கலாம். அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

கை எட்டுகிற மட்டும்தான் தாங்க முடியும், அதற்கு மேல் நம் பொறுப்பில்லை என்று நாம் அந்தப் பழமொழிக்கு அர்த்தம் வைத்துக்கொண்டோம். நல்ல வசதியான அர்த்தம். ஆனால் கை எட்டாத இடத்திலும் தாங்குவதற்கு மனிதன் ஒன்றைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. அதன் பெயர் கயிறு. விழுந்தவர் இடுப்பில் கயிறு இருந்ததா, இருந்தால் என்ன கயிறு, யார் கொடுத்தது, எத்தனை வருடத்துக் கயிறு என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. விதியை விசாரித்தோம், குடியை விசாரித்தோம். கயிற்றை விசாரிக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஒரு யோக்கியதையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். நம் பக்கத்தில் அந்த விடியற்காலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்து, பலாவும் முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்த நாள். எங்கள் வீட்டுப் பின்புறத்து வேப்பமரம் சாயவில்லை. ஆனால் ஒரு பெரிய கிளை பாதி முறிந்து மாட்டுக்கொட்டகைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஓர் ஆளைக் கூப்பிட்டேன். ஆள் என்ன ஆள், என்னிடம் படித்த பிள்ளைதான். பெயர் வேண்டாம். உங்களில் சிலருக்குத் தெரியும்.

"சார், கயிறு இருக்குங்களா? என் கயித்த நேத்து ஒரு வீட்ல மரத்தோட விட்டுட்டு வந்துட்டேன்" என்றான்.

கொட்டகைக் கூரையில் கிடந்த நீலக் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் கட்ட வாங்கியது. இரண்டு கோடை வெயிலைப் பார்த்த கயிறு. எடுக்கும்போது கையில் நீலத் தூள் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். "புதுசுதான்பா" என்றேன்.

அவன் மேல் கிளையில் கட்டி, இடுப்பில் சுற்றி, எட்டி நின்று வெட்டினான். கயிற்றில் முழு பாரத்தையும் கொடுத்துச் சாய்ந்தபோது அறுந்தது. பதினைந்து அடி உயரம். கீழே மாட்டுத் தொட்டியின் விளிம்பு. இடுப்பு எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தான். அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை. இன்றுவரை ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "புயல் நேரம், நல்ல காசு, காலையிலேயே ஊத்தியிருப்பான்." அவன் குடிக்கிறவன் இல்லை. எனக்குத் தெரியும். அவன் ஏறுவதற்கு முன்பு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபிதான் குடித்தான். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தேன். ஊர் என்னை நல்ல மனுஷன் என்றது. அந்தப் பேரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்து உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: அறுந்தது என் கயிறு. அது மக்கிய கயிறு என்று என் கை சொன்னது, நான் கேட்கவில்லை.

கயிறு அறுந்தால் ஆளைக் குற்றம் சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1865 ஜூலை 14 அன்று ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏழு பேர் ஏறினார்கள். எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் தலைமை. இறங்கும்போது ஒருவர் சறுக்கினார். எல்லாரும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தார்கள். நடுவில் கயிறு அறுந்து நான்கு பேர் பாதாளத்தில் விழுந்து இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் பீட்டர் டௌக்வால்டர் என்ற உள்ளூர் வழிகாட்டி, கூலிக்கு வந்தவர். அவர்தான் கயிற்றை அறுத்திருப்பார் என்று ஊர் பேசியது. விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்றது. அறுந்த இடத்தில் இருந்தது, அவர்கள் கொண்டுபோன கயிறுகளிலேயே மிக மெல்லிய பழங்கயிறு. நல்ல கயிறு அவர்களிடமே மீதி இருந்தது. அந்த அறுந்த துண்டை இன்றும் ஜெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கயிறு கண் முன்னால் இருக்கும்போதே பழி கூலிக்காரர்மேல் போயிற்று. நம் வேப்பமரத்தடியிலும் அதுதான் நடந்தது.

இனி நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகளுக்கு வருகிறேன். எனக்குத் தெரியாதா உங்களை?

முதல் மறுப்பு: "அவங்க பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஏறுறாங்க சார். அவங்களுக்கு எதுக்குக் கயிறு?"

பாட்டன் காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருந்தாலும் நம் புதுச்சேரியில் இன்றும் கள் இறக்குகிறார்கள். பாளை சீவ ஒரு நாளைக்கு இரண்டு முறை மரம் ஏற வேண்டும். என் சின்ன வயதில் பார்த்த பெரியவர்கள் பனைநாரை ஊறவைத்து, தட்டி, தங்கள் கையாலேயே தளை முறுக்குவார்கள். எந்த நார் எங்கே இருக்கிறது என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். தன் தளையை அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டார்கள், அடுத்தவன் தளையில் கால் வைக்கவும் மாட்டார்கள். கொஞ்சம் நைந்தாலும் அடுப்பில் போட்டுவிட்டுப் புதிது முறுக்குவார்கள். அவர்கள் கயிறு இல்லாமல் ஏறவில்லை அய்யா, கயிற்றைத் தெரிந்து ஏறினார்கள். அப்படியிருந்தும் விழுந்தவர்கள் உண்டு. விழுந்து திண்ணையிலேயே காலம் கழித்த ஒரு தாத்தாவாவது நம் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். அவரை மறந்துவிட்டு, விழாதவரை மட்டும் உதாரணம் காட்டுகிறோம். இன்றைய பிள்ளைகள் ஏறுவது கடையில் வாங்கிய கயிற்றில், அதைவிட மோசம், நாம் கொட்டகையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கயிற்றில்.

இங்கே கொஞ்சம் பாடம். நோட்டை எடுங்கள்.

அறுபது கிலோ ஆளைத் தாங்க அறுபது கிலோ கயிறு போதும் என்று நினைக்கிறோம். சும்மா தொங்கினால் சரி. விழுந்தால்? கயிறு தொய்வாக இருந்து ஒருவர் 2 மீட்டர் விழுகிறார், கயிறு 10 செ.மீ. மட்டும் இழுபட்டு அவரை நிறுத்துகிறது என்று வையுங்கள். விழுந்த தூரத்தின் ஆற்றல் முழுவதையும் அந்த 10 செ.மீ.க்குள் கயிறு வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் சராசரி இழுவிசை அவர் எடையைப் போல 21 மடங்கு, அதாவது சுமார் 1,260 கிலோ எடைக்குச் சமம். நெல் மூட்டைக் கணக்கில் நினைத்துப் பாருங்கள். கயிறு அறுந்தால் ஆள் விழுவார். அறுக்காவிட்டாலும் வெறும் இடுப்பில் கட்டியிருந்தால் முதுகெலும்பு போகும். எனவே முதல் விதி: கயிற்றில் தொய்வு கூடாது, கட்டு எப்போதும் இடுப்புக்கு மேலேயே இருக்க வேண்டும். இரண்டாவது விதி: இடுப்பில் சுற்றுவது போதாது, தொடையையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் பெல்ட் வேண்டும். அதற்கு ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. கட்டட வேலைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டு, முத்திரை பார்த்து வாங்கலாம்.

அடுத்து, கயிற்றின் ஜாதி. மனிதருக்கு ஜாதி பார்க்கிற நாம் கயிற்றுக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அங்கேதான்.

கொச்சக்கயிறு ஈரம் பட்டால் உள்ளிருந்து மக்கும், வெளியே நன்றாகவே தெரியும். ஆளைத் தொங்கவிட அது ஆகாது. கடையில் நீலம், பச்சை, மஞ்சள் என்று மலிவாகத் தொங்குவதை எல்லாம் நாம் "நைலான்" என்கிறோம். பெரும்பாலும் அது நைலானே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சோதித்துப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழ் போகக் கசக்கிப் போடுங்கள். மிதந்தால் அந்த மலிவுப் பிளாஸ்டிக். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கிற கயிற்றை வெயில் தின்றுவிடும், தேய்த்தால் தூளாக உதிரும். மரத்தில் வேகமாக உரசினால் சூட்டில் இளகவும் செய்யும். தார்ப்பாய் கட்டுங்கள், கன்று கட்டுங்கள். மனிதனைக் கட்டாதீர்கள்.

மரம் ஏறுவதற்கென்றே கயிறு உண்டு. உள்ளே பாரம் தாங்குகிற உள்ளீடு, வெளியே அதைக் காக்கிற பின்னல் உறை. நம் உள்ளங்கைப் பிடிக்கு வாகாக 11, 12 மி.மீ. தடிமன். இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தர எண்ணில் 'ஏ' வகை என்று போட்டிருந்தால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ தாங்கிச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். அவ்வளவு எதற்கு என்று கேட்காதீர்கள். முடிச்சுப் போட்ட இடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு பலம் போகலாம். நனைந்தால் நைலான் இன்னும் கொஞ்சம் இழக்கும். வயதில் இன்னும் கொஞ்சம் போகும். இவ்வளவும் போன பிறகும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த வகைக் கயிறு அதிகம் இழுபடாது. பாரம் கொடுத்து வேலை செய்ய வசதி. ஆனால் தொய்வாக விட்டு விழுந்தால், மேலே போட்ட கணக்குத்தான்.

வாங்கினால் போதாது, காக்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று படித்தீர்கள். பழைய கிணற்றுச் சுவரில் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். கல்லையே தேய்த்த கயிறு, தான் எவ்வளவு தேய்ந்திருக்கும்?

வேலை முடிந்ததும் கயிற்றை மண்ணில் போட்டு மிதிக்காதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு மணலும் ஒரு சின்னக் கத்தி. அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சோப்புத்தூளும் வேண்டாம், பிளீச்சிங்கும் வேண்டாம். உர மூட்டை, மருந்து தெளிக்கும் டப்பா, டீசல் கேன், டிராக்டர் பேட்டரி இவை இருக்கிற மூலையில் வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் நைலானை அரிக்கும், கண்ணுக்கே தெரியாது. பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது, ஆகவே சுண்ணாம்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். எலி போகாத பையில் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு நடுவே சாண் சாணாக இழுத்துப் பாருங்கள். ஓரிடம் மெலிந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா, சூட்டில் உருகிப் பளபளக்கிறதா, உறை கிழிந்து உள்ளீடு தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் அந்தக் கயிறு ஓய்வு பெற்றது, என்னைப் போல. முறுக்குக் கயிறானால் புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள், தூள் இருந்தால் முடிந்தது. ஒருமுறை பலமாக விழுந்து ஆளைப் பிடித்த கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றே செய்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். வாங்கிய தேதியை ஒரு அட்டையில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

ஓய்வு கொடுத்த கயிற்றைச் சுருட்டிக் கொட்டகையில் போடாதீர்கள். உங்களுக்கு அதன் கதை தெரியும், நாளைக்கு அதை எடுக்கிறவனுக்குத் தெரியாது. முழம் முழமாக வெட்டிவிடுங்கள். நான் அன்றே வெட்டியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

இரண்டாவது மறுப்பு: "இவ்வளவு செலவு யார் செய்வது?"

நல்ல கயிறும் பெல்ட்டும் சேர்ந்து ஒரு சாதாரணக் கைப்பேசி விலைக்குள் அடங்கும். அந்தக் கைப்பேசியில்தான் "விதி" என்று எழுதினோம். மரத்துக்கு உரம் வைக்கக் காசு இருக்கிறது, மருந்து வைக்க இருக்கிறது, காயை விற்ற காசும் நம் மடியில்தான் விழுகிறது. ஏறுகிறவன் உயிருக்கு மட்டும் அவனே செலவு செய்ய வேண்டுமா? ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரு செட் வாங்கி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். அதைக் கன்று கட்டவும் தேர் இழுக்கவும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கொம்யூன் பஞ்சாயத்துகள் புயல் காலத்துக்கு மரம் அறுக்கும் இயந்திரம் வாங்கும்போது, கூடவே ஆளுக்கொரு கயிறும் பெல்ட்டும் வாங்கினால் என்ன? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்ததும் வரும். அப்போதும் தொங்குகிற கிளையை வெட்ட ஒரு பிள்ளை ஏறத்தான் போகிறான்.

தென்னை மட்டும் ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்று பயிற்சி நடத்தி, ஏறும் கருவியும் கொடுத்து வந்திருக்கிறது. மரம் ஏறுவோருக்கென்று "கேர சுரக்ஷா" என்ற காப்பீட்டுத் திட்டமும் வாரியத்துக்கு உண்டு. குரும்பாப்பட்டில் நம் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற ஆளிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? படிவம் நிரப்பிக் கொடுத்தீர்களா? எழுதப் படிக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எதற்கு?

மூன்றாவது மறுப்பு: "கொடுத்தாலும் கட்ட மாட்டேங்கிறான் சார்."

உண்மை. ஏன் என்று யோசித்தீர்களா? மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். அவன் மதியத்துக்குள் எத்தனை மரம் ஏறுகிறானோ அவ்வளவுதான் அவன் வீட்டு அரிசி. கயிறு கட்ட ஐந்து நிமிடம் ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவன் கணக்கில் போகிறது. நாள் கூலி பேசுங்கள். "கட்டிக்கிட்டு மெதுவா ஏறு, நேரம் ஆனா ஆகட்டும், காசு குறையாது" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கட்ட மாட்டேன் என்றால், "அப்ப இன்னிக்கு வேணாம்பா" என்று சொல்லுங்கள். ஒரு குலை தேங்காய் மரத்திலேயே காய்ந்தால் குடி முழுகிப்போகாது.

கிளை வெட்டும்போது ஒரு கட்டு போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது அரிவாள், அது தன் கயிற்றையே வெட்டிவிடும். இரண்டு கட்டு வேண்டும், இரண்டும் பச்சை மரத்தில், தடித்த கிளையில். முருங்கை பருத்தால் தூணாகாது என்பது கயிறு கட்டவும் பொருந்தும். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்துறைக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாரையும் ஏறவிடாதீர்கள்.

கடைசியாக, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று ஏறவேண்டியது என் சொந்த மகனாக இருந்திருந்தால் அந்த நீலத் தூளை வேட்டியில் துடைத்திருப்பேனா? கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு வில்லியனூருக்குப் போய்ப் புதிது வாங்கி வந்திருப்பேன். ஏறுகிறவன் வேறு வீட்டுப் பிள்ளை, வேறு தெருப் பிள்ளை. அதனால்தான் அது எனக்குக் கயிறாகத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

அவன் இப்போது சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறான். போன மாதம் கடையில் உட்கார்ந்து, முதல்முறையாக அந்தத் தூளைப் பற்றி அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஒட்டுச்சு சார். சார் குடுத்ததாச்சேன்னு ஏறிட்டேன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி வருகிறது. மழைக்கு முன்னால் கிளை கழிக்க எல்லா வீட்டிலும் ஆள் தேடுவீர்கள். வீட்டுப்பாடம் இதுதான்: இன்றைக்கே கொட்டகைக்குப் போய், அங்கே கிடக்கிற கயிறுகளை எடுத்துத் தடவிப் பாருங்கள். வாளியில் போட்டுப் பாருங்கள். ஆள் ஏறத் தகாதது எது என்று தெரிந்ததும் முழம் முழமாக வெட்டிப் போடுங்கள். செய்து முடித்தவர்கள் கீழே "செய்தேன் சார்" என்று எழுதுங்கள். "விதி" என்று எழுத நினைப்பவர்கள் முதலில் வாளியில் தண்ணீர் பிடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ஏம்பலம்.